பாண்டிச்செல்வியின் பட்ஜெட்டில் நான் அடித்த வரி

கடன் ஆலோசகர் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். பழங்காநத்தத்தில் ஒரு செல்போன் கடைக்கு மேலே, மாடியில் இருக்கும் அந்த ஆலோசனை மையத்தில் பத்தொன்பது வருடம் ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தவன் நான். கடனில் மாட்டியவர்கள் படியேறி வருவார்கள். அவர்களோடு உட்கார்ந்து மாத வரவையும் செலவையும் எழுதி, மிச்சம் பிடிக்க வழி காட்டி, வங்கியில் வட்டி குறைந்த கடனுக்குப் பரிந்துரைப்பது வேலை. நூற்றுக்கணக்கான குடும்பங்களுக்குப் பட்ஜெட் போட்டிருக்கிறேன். நன்றாக முடிந்த கதைகள் நிறைய உண்டு. அவற்றைச் சொல்ல மற்றவர்கள் இருக்கிறார்கள். நான் சொல்லப்போவது, சொல்ல வாய் கூசுகிற ஒன்று.

பாண்டிச்செல்விக்கு அப்போது முப்பத்தேழு, முப்பத்தெட்டு வயது இருக்கும். செல்லூரில் ஒரு தறிக்கூடத்தில் நூல் சுற்றும் வேலை. வாரச் சம்பளம், மாதத்துக்கு எட்டாயிரத்து ஐந்நூறு தேறும். கணவர் மாரிமுத்து சொந்த ஆட்டோ ஓட்டினார். பழைய வண்டி, ஆனால் கடனில்லாத வண்டி. கேஸ் போக வீட்டுக்கு மாதம் பதின்மூன்றாயிரம் கொடுப்பார். பிளஸ் டூ படிக்கும் ஒரு மகள், சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடும் மாமியார். மூன்று குழுக்களில் வாரக் கடன் வாங்கியிருந்தார்கள். ஒன்றை அடைக்க இன்னொன்று, அதை அடைக்க மற்றொன்று என்று வந்த கடன். செவ்வாய், வியாழன், வெள்ளி என்று வாரத்தில் மூன்று நாள் வாசலில் ஆள் வந்து நிற்கும்.

அந்த அம்மா முதல் நாள் வந்தபோதே கையில் ஒரு நோட்டு இருந்தது. நாம் கேட்பதற்கு முன்பே செலவை எழுதிக்கொண்டு வரும் ஆட்கள் அபூர்வம். வாடகை, மளிகை, கரண்ட், கேஸ், மகள் பஸ், மாத்திரை, போன், வண்டி ரிப்பேர், அவசரத்துக்கு ஐந்நூறு. எல்லாம் சரியாக இருந்தது. கடைசியில் ஒரு வரி: மொய், சீர், மாதம் ஆயிரத்து ஐந்நூறு.

நான் பேனாவை அந்த வரியில் வைத்தேன்.

"இது என்னம்மா?"

"விசேஷ வீட்டுச் செலவு சார். மாசத்துக்கு மூணு நாலு பத்திரிகை வந்துருது. நமக்கு எழுதுனவகளுக்குத் திருப்பி எழுதணும்ல. போன வருசம் எழுதுனதையெல்லாம் கூட்டிப் பன்னெண்டால வகுத்துத்தான் போட்டிருக்கேன்."

கவனியுங்கள். போன வருடச் செலவைக் கூட்டிப் பன்னிரண்டால் வகுத்துக்கொண்டு வந்திருந்தார். இன்றைக்கு உங்களுக்குப் பயிற்சியில் சொல்லித் தருகிற முறை அதுதான். எனக்கு அது அன்று கண்ணில் படவே இல்லை.

என் கண்ணில் பட்டது வேறு. வரவு இருபத்தோராயிரத்து ஐந்நூறு. அவர் எழுதியபடி செலவு பதினெட்டாயிரத்து முந்நூறு. மிச்சம் மூவாயிரத்து இருநூறு. மூன்று குழுக் கடனையும் ஒரே வங்கிக் கடனாக மாற்றி இருபத்து நான்கு மாதத்தில் கட்டுவது என்றால் தவணை நாலாயிரத்து ஐந்நூறு. மிச்சம் அதைவிடக் குறைவாக இருந்தால் விண்ணப்பம் போகாது. மொய் வரியை அடித்துவிட்டால் நாலாயிரத்து எழுநூறு. கச்சிதமாகப் போகும்.

இன்னொரு வழியும் இருந்தது. நாற்பது மாதத் தவணை கேட்கலாம். மாதம் மூவாயிரத்துக்குள் அடங்கும். அதற்கு மேலாளரிடம் தனிக் குறிப்பு எழுத வேண்டும், மேலிடம் கேள்வி கேட்கும், மூன்று நான்கு வாரம் இழுக்கும். அன்று மார்ச் இருபத்து மூன்றாம் தேதி. வருடக் கணக்கு முடிவதற்குள் எனக்கு இன்னும் ஐந்து விண்ணப்பங்கள் தேவைப்பட்டன. அந்த அம்மாவுக்கும் மறுநாள் வாரத் தவணைக்குக் கையில் காசில்லை. அவர் அவசரத்தைச் சாக்காக வைத்து என் அவசரத்தை நான் தீர்த்துக்கொண்டேன்.

"மொய்யெல்லாம் கௌரவத்துக்குச் செய்யற செலவும்மா. கடன்ல இருக்கவங்களுக்குக் கௌரவம் எதுக்கு? ரெண்டு வருசம் எந்த விசேஷத்துக்கும் போகாதீங்க."

"சொந்தக்காரவுக என்ன சார் நெனைப்பாக?"

"அவங்களா வந்து உங்க கடனைக் கட்டப் போறாங்க?"

பாண்டிச்செல்வி நோட்டை என் பக்கமாக நகர்த்தினார். பிறகு, "சார் சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்றார். நான் அந்த வரியின் மேல் குறுக்கே ஒரு கோடு போட்டேன்.

கடன் வந்தது. மூன்று குழுக்களும் அடைபட்டன. ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதிக்குள் தவணை வந்துவிடும். ஐந்தாவது மாதம் மையத்தில் ஒரு கூட்டம் நடத்தினோம். பாண்டிச்செல்வியை மேடையில் பேச வைத்து, படம் எடுத்து, 'வட்டியிலிருந்து விடுதலை' என்று தலைப்புப் போட்டுச் சுவரில் மாட்டினோம். எனக்கு ஒரு பாராட்டுக் கடிதம் வந்தது. படத்தில் அந்த அம்மா சிரிக்கவில்லை என்று எங்கள் அலுவலக உதவியாளர் சொன்னார். கேமரா பழக்கமில்லை என்றேன்.

அதற்கு ஒரு மாதம் முன்பு அவர் எனக்குப் போன் செய்திருந்தார்.

"சார், எங்கண்ணே வாடிப்பட்டில வீடு கட்டிக் குடிபோறாக. நான் ஒரே தங்கச்சி. ஒரு ரெண்டாயிரமாச்சும் கொண்டு போகணும் சார். இந்த ஒரு தடவ மட்டும்…"

"ஒரு தடவைன்னு ஆரம்பிச்சா நிக்காதும்மா. பல்லைக் கடிச்சுக்கங்க. காய்ச்சல்னு சொல்லிருங்க."

காய்ச்சல் என்று சொல்லச் சொன்னது நான்தான். அப்படியே சொல்லியிருக்கிறார். அண்ணன் வீட்டு விசேஷத்துக்கு ஒரே தங்கை போகவில்லை.

இந்த ஊர்க்காரர்களுக்கு நான் மொய்யைப் பற்றி விளக்கத் தேவையில்லை. வெளியூரிலிருந்து வந்திருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். இங்கே ஒரு வீட்டுக்கு விழா வந்தால் சொந்தங்கள் எல்லாம் வந்து பணம் எழுதும். யார் எவ்வளவு என்று நோட்டில் இருக்கும். அவர்கள் வீட்டில் விழா வரும்போது அது கூடுதலாகத் திரும்பிப் போக வேண்டும். திருமணமோ காதுகுத்தோ மட்டுமில்லை, ஆஸ்பத்திரியில் படுத்தாலும் அந்த நோட்டில் இருக்கும் ஆட்கள்தான் ஐந்நூறும் ஆயிரமுமாகத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டுப் போவார்கள். அதில் வீண் பெருமை இல்லையா என்றால், இருக்கிறது. அதற்காகவே கடனில் விழுந்தவர்களும் இருக்கிறார்கள். ஆனால் அதிலிருந்து ஒரு குடும்பம் திடீரென்று ஒரு நாள் தன் பெயரை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று நான் யோசிக்கவில்லை. இதே ஊரில் பிறந்து வளர்ந்தவன், யோசித்திருக்க வேண்டும்.

ஒன்பதாவது மாதம் மாரிமுத்துவின் ஆட்டோவில் ஒரு வேன் உரசியது. வண்டிக்கு அதிகச் சேதமில்லை. அவருக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது. அரசு ஆஸ்பத்திரியில் வைத்தியத்துக்குச் செலவில்லை. ஆனால் இரண்டரை மாதம் வண்டி ஓட்ட முடியாது. அவரைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்ததால் பாண்டிச்செல்வியாலும் இரண்டு வாரம் வேலைக்குப் போக முடியவில்லை.

இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. பத்தாவது தவணை வரவில்லை, பதினொன்றும் வரவில்லை. சுவரில் படம் மாட்டியிருக்கும் கணக்கு அது. மேலாளர் என் மேசைக்கே வந்து கேட்டார். "என்ன சார், நம்ம ஷோகேஸ் கேஸே இப்பிடி ஆயிருச்சு? நேர்ல போய்ப் பாத்துட்டு வாங்க."

அந்த எரிச்சலோடுதான் செல்லூருக்குப் போனேன். சந்துக்குள் அவர்கள் வீட்டு முன்னால் ஆட்டோ நின்றது. அதை ஒட்டி என் பைக்கை நிறுத்தினேன். உள்ளே மாரிமுத்து காலில் மாவுக்கட்டோடு கட்டிலில் இருந்தார். எழுந்திருக்கப் பார்த்தார், நான் வேண்டாம் என்று கையைக் காட்டினேன். பாண்டிச்செல்வி நாற்காலியைத் துடைத்துப் போட்டுவிட்டு நின்றார். நான் போட்டுக் கொடுத்த பட்ஜெட் தாள் பீரோக் கதவில் ஒட்டியிருந்தது.

"மன்னிச்சுக்கங்க சார்" என்று அவர்தான் ஆரம்பித்தார். "நீங்க போட்டுக் குடுத்தபடி என்னால நடக்க முடியல."

அந்த இடத்தில் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் எத்தனையோ. இரண்டு மாதமாக எப்படிச் சாப்பிடுகிறீர்கள்? யார் கொடுத்தார்கள்? என்ன வட்டி? ஒன்றும் கேட்கவில்லை.

"அவசரத்துக்கு மாசம் ஐந்நூறு எழுதியிருந்தீங்களேம்மா. வச்சீங்களா?"

"வச்சேன் சார். நாலாயிரத்துச் சொச்சம் இருந்துச்சு. ரெண்டு வாரத்துல தீந்துபோச்சு."

"உடனே எங்கிட்ட வந்திருக்கணும்ல?"

"படமெல்லாம் மாட்டியிருக்கீங்க. எப்பிடி சார் வர்றது?"

அது தைத்த கோபத்தில், "இப்பிடிச் சொன்னா பேங்க் கேக்காதும்மா. அடுத்த மாசத்துக்குள்ள மூணு தவணையும் சேத்துக் கட்டப் பாருங்க" என்று சொல்லிவிட்டு எழுந்தேன். வாசல் வரை வந்தவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் பைக்கை ஸ்டார்ட் செய்துவிட்டேன்.

அவர் என்ன சொல்ல வந்தார் என்பது மூன்று வாரம் கழித்துத் தெரிந்தது. அதை நான் தெரிந்துகொண்ட இடம்தான் இன்றும் நினைத்தால் உடம்பைக் குறுக வைக்கிறது.

என் தங்கை மகளுக்குச் சடங்கு வைத்திருந்தார்கள். நான்தான் தாய்மாமன். திருப்பரங்குன்றத்தில் பெரிய மண்டபம். தாய்மாமன் சீர் என்றால் நூற்றியொரு தட்டு, பட்டு, ஒரு பவுனில் செயின், ரொக்கம் இருபத்தையாயிரம் என்று தங்கை மாப்பிள்ளை வீட்டார் எதிர்பார்ப்பதாக யாரோ சொன்னார்கள். யாரும் என்னிடம் நேரில் கேட்கவில்லை. நானாக முடிவு செய்துகொண்டேன். கையில் அவ்வளவு பணம் இல்லை. ஏற்கெனவே கிரெடிட் கார்டில் அறுபதாயிரம் போல நின்றது. அதில் பாதிக்கு மேல் மொய்யும் சீரும்தான். என் வீட்டுக்கு நான் ஒரு நாளும் பட்ஜெட் போட்டதில்லை.

மனைவியிடம் செயினைக் கேட்டேன்.

"ஊருக்கெல்லாம் பட்ஜெட் போட்டுக் குடுக்குறீங்க. இது எந்தக் கணக்குல வரும்?"

"தாய்மாமன்டி. செய்யாம இருக்க முடியுமா? நாலு பேரு பாப்பாங்கள்ல."

அவள் செயினைக் கழற்றிக் கட்டில் மேல் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அடகு வைத்தேன்.

சடங்கன்று மேளத்தோடு தட்டுகள் வரிசையாகப் போயின. நான் முன்னால் மாலையோடு நடந்தேன். மொய் எழுதும் மேசையில் கம்ப்யூட்டர் வைத்திருந்தார்கள். பணத்தைக் கொடுத்தால் கடை பில் மாதிரி சீட்டு வரும். கூடவே மைக்கில் அறிவிப்பார்கள். "பழங்காநத்தம் தாய்மாமன், ரொக்கம் இருபத்தையாயிரம், ஒரு பவுன் செயின்!" என்று மண்டபம் முழுவதும் கேட்டது. இரண்டு பேர் வந்து கை கொடுத்தார்கள். நெஞ்சு நிமிரத்தான் செய்தது, மறைக்க என்ன இருக்கிறது.

பந்தியில் உட்கார்ந்தேன். இலை போட்டுக்கொண்டே வந்த பெண் என் முன்னால் வந்ததும் நின்றார். சமையல்காரர்கள் கொடுக்கும் நீலச் சேலை. பாண்டிச்செல்வி.

"சார், நீங்களா! தங்கச்சி மக விசேசமா? மைக்குல பழங்காநத்தம்னு கேட்டுச்சு. நீங்கன்னு தெரியாமப் போச்சு."

நான் என்ன முனகினேன் என்று நினைவில்லை. இலையில் தண்ணீர் தெளிக்கிற சாக்கில் தலையைக் குனிந்துகொண்டேன்.

"நல்லாச் செஞ்சிருக்கீங்க சார். தாய்மாமன்னா செய்யணும்ல. செய்யாம எப்பிடி?"

அதில் குத்தல் இருந்திருந்தால் நான் தாங்கியிருப்பேன். துளியும் இல்லை. மனதார, ஒரு விசேஷ வீட்டில் ஒருவர் இன்னொருவரிடம் சொல்வதைப் போலச் சொன்னார். சொல்லிவிட்டு அடுத்த இலையைப் போடப் போய்விட்டார். தாய்மாமனுக்கு ஒரு கரண்டி கூடுதலாக வைக்கச் சொல்லி யாரோ சத்தம் போட்டார்கள். நான் பாதியில் இலையை மூடிவிட்டு எழுந்தேன்.

கை கழுவும் இடத்துக்குப் பின்னால் அவர் எச்சில் இலைகளைத் தொட்டியில் தள்ளிக்கொண்டிருந்தார். போகாமல் இருந்துவிடலாமா என்று நினைத்தேன். போனேன்.

"இங்க எப்பிடிம்மா?"

"முகூர்த்த நாள்ல வாரேன் சார். ஐந்நூறு குடுப்பாக, சாப்பாடும் ஆச்சு."

"மாரிமுத்து வண்டி எடுக்க ஆரம்பிச்சிட்டாரா?"

"காலு தேவல. வண்டிதான் போயிருச்சு."

கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டு வாங்கினேன். மாரிமுத்து படுத்ததும் பாண்டிச்செல்வி தன் அண்ணனுக்குப் போன் செய்திருக்கிறார். அண்ணன் மனைவி எடுத்து, "எங்களுக்கும் இங்க எல்லாருக்கும் காய்ச்சல்" என்று சொல்லி வைத்துவிட்டாராம். வழக்கமாக வந்து பார்க்கும் மற்ற சொந்தங்களும் வரவில்லை. ஒன்பது மாதமாக யார் வீட்டுக்கும் போகாத வீட்டுக்கு யார் வருவார்கள்? வேறு வழியில்லாமல் தெருவில் ஒருவரிடம் பத்து வட்டிக்கு முப்பதாயிரம் வாங்கியிருக்கிறார்கள். மாதம் மூவாயிரம் வட்டி மட்டும். ஆட்டோவின் ஆர்.சி. புத்தகத்தை அவர் வாங்கி வைத்துக்கொண்டார். இரண்டு மாத வட்டி நின்றதும் ஒரு வாரம் கெடு வைத்தார். நான் அவர்கள் வீட்டுக்குப் போனது அந்தக் கெடுவுக்கு இரண்டு நாள் முன்பு.

"அன்னைக்குச் சொல்லத்தான் சார் வாசல் வரைக்கும் வந்தேன். நீங்க அவசரமாப் போனீங்க."

அந்த ஆட்டோவை ஒட்டித்தான் என் பைக்கை நிறுத்தியிருந்தேன். அன்று அவர் சொல்லியிருந்தால், இல்லை, நான் சொல்லவிட்டிருந்தால் வழி இருந்தது. அப்படிப்பட்ட வட்டி வாங்குவது சட்டப்படிக் குற்றம். யாரைப் பார்க்க வேண்டும், எப்படி மனு எழுத வேண்டும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். ஒரு போன் செய்திருந்தாலே அந்த ஆள் பின்வாங்கியிருப்பார். இப்போது வண்டியை எடுத்துக்கொண்டு கணக்கு முடிந்தது என்று எழுதிக் கையெழுத்தும் வாங்கிவிட்டார். வண்டி கை மாறி எங்கேயோ போய்விட்டது.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் மனைவி கேட்டாள். "அந்த எல போட்ட பொம்பள யாருங்க? அவளப் பாத்ததுலேருந்து மூஞ்சியே சரியில்ல."

எல்லாவற்றையும் சொன்னேன். மஞ்சள் கயிறு மட்டும் கிடந்த கழுத்தோடு அவள் கேட்டுக்கொண்டு வந்தாள். முடிந்ததும், "எங்கிட்டச் சொல்லி என்ன ஆகப்போகுது? அங்க போய்ச் சொல்லுங்க" என்றாள்.

திங்கட்கிழமை சாயங்காலம் செல்லூருக்குப் போனேன். வாசலில் ஆட்டோ நின்ற இடம் காலியாக இருந்தது. இருவரையும் உட்காரச் சொல்லி, நின்றுகொண்டே சொன்னேன். மொய் வரியை அடித்தது அவர்களுக்காக இல்லை, விண்ணப்பம் போக வேண்டும் என்பதற்காக. நாற்பது மாதத் தவணை என்று ஒன்று இருந்ததை நான் சொல்லவே இல்லை. அவர்களை விசேஷத்துக்குப் போகக் கூடாது என்று சொன்ன நான், என் மனைவியின் செயினை அடகு வைத்துத்தான் அந்த இருபத்தையாயிரத்தை எழுதினேன்.

"நாற்பது மாசம்னு சொல்லியிருக்கலாம் சார்" என்றார் மாரிமுத்து. அவ்வளவுதான்.

பாண்டிச்செல்வி வேறொன்றைக் கேட்டார். "செயினு எத்தன பவுனு சார்?"

"மூணு."

"அய்யய்யோ. எப்பத் திருப்புவீங்க?"

என்மேல் கோபப்படுவார் என்று எதிர்பார்த்துப் போனவன் நான். என் மனைவியின் செயினுக்காகக் கவலைப்பட்டார்.

அன்று மூவரும் உட்கார்ந்து புதிதாக எழுதினோம். இந்த முறை நான் பேனாவைத் தொடவில்லை, அவரே எழுதினார். மொய் நோட்டை எடுத்து ஒவ்வொரு பெயராகப் பார்த்தோம். யாருக்குக் கட்டாயம் போக வேண்டும், யாருக்கு இருநூறு போதும், யார் வீட்டுக்குப் பணமில்லாமல் போய் வேலை செய்துவிட்டு வந்தாலே மனது ஆறும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அதைச் சுருக்கவும் அவருக்கே தெரிந்திருந்தது. ஆயிரத்து ஐந்நூறு தொள்ளாயிரமாகக் குறைந்தது. முதல் நாளே நான் அடிக்காமல் கேட்டிருந்தால் இதைத்தான் செய்திருப்பார். மாரிமுத்து வாடகை ஆட்டோ எடுத்தால் நாள் வாடகை முந்நூற்றைம்பது போக வீட்டுக்கு ஒன்பதாயிரம்தான் கொடுக்க முடியும். மண்டப வேலையில் ஆயிரத்து ஐந்நூறு. சொந்த வண்டி இல்லாததால் ரிப்பேருக்கு எழுதியிருந்த ஆயிரமும் இனி இல்லை. எல்லாம் போக மிச்சம் இரண்டாயிரத்து முந்நூறு. மீதிக் கடனை நாற்பது மாதமாக மாற்றினால் தவணை ஆயிரத்துத் தொள்ளாயிரம் வரும்.

அதற்கு நான் மேலாளரிடம் போக வேண்டியிருந்தது. தவணையை மாற்ற வேண்டுமானால் காரணம் எழுத வேண்டும். விபத்து என்று மட்டும் எழுதியிருந்தால் போதும், பொய்யும் இல்லை. முதல் பட்ஜெட்டில் உண்மையான செலவு ஒன்றை நானே நீக்கினேன் என்று எழுதிக் கொண்டுபோனேன்.

அவர் இரண்டு முறை படித்தார். "சார், ஆக்சிடென்ட்னு போட்டாலே சேங்ஷன் ஆயிரும். இதை எதுக்குக் கிளர்றீங்க? உங்களுக்குப் பாராட்டுக் கடிதம் குடுத்த கேஸ் இது."

"அதனாலதான் சார்."

"ரிட்டயர் ஆக ரெண்டு வருசம் இருக்கு உங்களுக்கு."

குறிப்பைத் திருப்பி வாங்கிவிடலாம் என்று ஒரு நிமிடம் தோன்றியது நிஜம். வாங்கவில்லை. அது தைரியத்தால் இல்லை. அவர் அறையிலிருந்து பார்த்தால் கூடத்துச் சுவரில் அந்தப் படம் தெரியும். அதற்கு முன்னால் அந்தக் குறிப்பைக் கையில் வாங்கிக்கொண்டு நடந்து வர என்னால் முடிந்திருக்காது.

விசாரணை நடந்தது. என் பழைய கோப்புகளை எடுத்துப் பார்த்தார்கள். வேறு பதினேழு பட்ஜெட்டுகளிலும் நான் ஏதாவது ஒரு வரியை இப்படி அடித்திருந்தேன். ஒன்றில் பொங்கல் துணிமணி, ஒன்றில் அம்மாவுக்கு அனுப்பும் பணம். பதினேழு பேரையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுத் திருத்தினோம். சிலர் ஏற்கெனவே புதிதாகக் கடன் வாங்கியிருந்தார்கள். மூன்று பேரின் போன் எண் வேலை செய்யவில்லை. அவர்கள் என்ன ஆனார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது, அந்த வருடச் சம்பள உயர்வு நின்றது. அது நியாயம்தான். அந்தப் படத்தை நானே ஸ்டூலில் ஏறிக் கழற்றினேன்.

என் வீட்டுக்கும் அந்த மாதம்தான் முதன்முதலாகப் பட்ஜெட் எழுதினோம். என் மனைவி எழுதினாள், நான் சொன்னேன். கிரெடிட் கார்டை அடைக்கப் பதினான்கு மாதம், செயினைத் திருப்ப அதற்கு மேல் எட்டு மாதம் ஆனது. அடுத்து வந்த விசேஷத்தில் ஐந்நூறு எழுதினேன். மைக்கில் ஐந்நூறு என்றுதான் சொன்னார்கள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

வேலையைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்ல இருப்பது கொஞ்சம்தான். எதிரில் இருப்பவர் எழுதிக்கொண்டு வரும் ஒரு செலவு உங்களுக்கு முட்டாள்தனமாகத் தெரிந்தால், அதை அடிக்காமல் வருடம் முழுவதற்கும் அது எவ்வளவு, அதைச் செய்யாவிட்டால் யார் முகத்தில் முழிக்க முடியாது என்று கேளுங்கள். குறைக்க முடியுமானால் அவரே குறைப்பார். உண்மையான செலவை எழுதி மிச்சம் வரவில்லை என்றால், மிச்சம் வரவில்லை என்றே எழுதுங்கள். தவணையை நீட்டிக் கேளுங்கள், கிடைக்காவிட்டால் கடனே வேண்டாம் என்று சொல்லுங்கள். தாளில் வராத செலவு வாழ்க்கையில் வராமல் இருந்துவிடாது. அது வரும்போது கையில் ஒன்றும் இருக்காது. வீட்டுக்குப் போனால் பைக்கை உடனே ஸ்டார்ட் செய்யாதீர்கள்.

பாண்டிச்செல்வி ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆயிரம் ரூபாயை ஒரு கவரில் போட்டுக்கொண்டு வாடிப்பட்டிக்குப் போனார் என்று பின்னால் கேள்விப்பட்டேன். அண்ணன் பேசினாராம். அண்ணன் மனைவி காபி கொடுத்தாராம், பேசவில்லையாம்.

ஓய்வு பெற்ற பிறகு ஒரு நாள் பெரியார் பேருந்து நிலையத்தில் இறங்கி ஆட்டோவுக்குக் கை காட்டினேன். நின்றது மாரிமுத்து. வாடகை வண்டிதான். இன்னும் சொந்த வண்டி வாங்கவில்லை. கால் லேசாக இழுத்தது. வழியெல்லாம் மகள் நர்சிங் படிப்பதைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார். பழங்காநத்தத்தில் வீட்டு வாசலில் இறங்கி நூறு ரூபாயை நீட்டினேன்.

"வேணாம் சார்."

"இல்ல மாரிமுத்து, வாங்கிக்கங்க."

"உங்ககிட்ட வாங்குனேன்னு தெரிஞ்சா பாண்டிச்செல்வி வைவா சார். நீங்க போங்க."

இன்னும் ஒரு முறை நீட்டினேன். அவர் சிரித்துக்கொண்டே வண்டியைத் திருப்பினார். அந்த வண்டிக்கு நாள் வாடகை எவ்வளவு, கேஸ் எவ்வளவு, மாதக் கடைசியில் எவ்வளவு மிஞ்சும் என்று இந்த ஊரில் அவர்களுக்கு அடுத்தபடியாகத் தெரிந்தவன் நான். என்னை ஏற்றி வந்ததில் அன்றைக்கு அவர்களுக்கு எவ்வளவு குறையும் என்பதும் தெரியும். வண்டி திருப்பத்தில் மறையும் வரை அந்த நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றேன்.